ஃபேமஸுக்கு மேலே ஒரு சொல்

மேடையில் நான் சந்தனக் கிண்ணமும் கற்கண்டுத் தட்டுமாக நின்றுகொண்டிருந்தேன். வண்ணார்பேட்டையில் ஒரு கல்யாண மண்டபம். அப்பாவின் பாத்திரக் கடைக்கு அன்று வெள்ளி விழா. அப்பாவின் கழுத்தில் இருந்த ரோஜா மாலையிலிருந்து தண்ணீர் சொட்டி, புதுச் சட்டையின் பை நனைந்து, உள்ளே இருந்த நன்றியுரை கசிந்துகொண்டிருந்தது.

சிறப்பு விருந்தினர் சப்-கலெக்டர். புதிதாக வந்தவர், சின்ன வயது, பிறந்தது வடக்கே எங்கேயோ. தமிழை ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுப் பார்த்து, சுடாது என்று தெரிந்த பிறகே எடுத்து வைப்பார்.

முதல் நினைவுப் பரிசை அப்பா அவர் கையில் கொடுத்தார். மூடி போட்ட எவர்சில்வர் சம்படம். மூடியில் எழுத்து வெட்டியிருந்தது. மரியாதைக்காக அவர் அதை மைக்கில் வாசிக்க ஆரம்பித்தார். ‘சிதம்பரம் பாத்திரக் கடை, வெள்ளி விழா நினைவுப் பரிசு’ என்ற தமிழ் வரியை எழுத்துக் கூட்டி வாசித்து முடித்ததும் ஜனங்கள் கைதட்டினார்கள். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி. அதைக் கண்டதும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது.

“தி மோஸ்ட்…” என்று கம்பீரமாக ஆரம்பித்தார். நின்றார். சம்படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். பக்கத்தில் கொண்டுவந்து பார்த்தார்.

“இன்ஃபமஸ்…” என்றார், குரலை இறக்கி. “…மெட்டல் ஷாப் இன் திருநெல்வேலி.”

மண்டபம் அதிரக் கைதட்டல். அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக் கும்பிட்டார்.

நான் அப்போது பாளையங்கோட்டையில் ஆங்கில இலக்கியம் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தேன். அந்தச் சொல் எனக்குத் தெரியும். கொள்ளைக்காரனுக்கும் கொடுங்கோலனுக்கும் போடுகிற அடைமொழி அது. கெட்டதுக்குப் பேர் வாங்கியவர்களுக்கு உரியது.

சப்-கலெக்டர் மைக்கை விட்டு நகர்ந்து, பக்கத்தில் நின்ற தாசில்தாரிடம் மெதுவாகக் கேட்டார். நான் ஒரு முழத் தூரத்தில் நின்றேன்.

“இவர்… எதுக்கு இன்ஃபமஸ்?”

“எல்லாத்துக்கும் சார்,” என்றார் தாசில்தார். “பித்தளை, செம்பு, எவர்சில்வர், எதுன்னாலும்.”

“ரொம்ப நாளாவா?”

“இவங்க அப்பா தலைச்சுமையா பாத்திரம் வித்த காலத்துல இருந்தே சார். குடும்பமே இன்ஃபேமஸ்.”

“யாரும் ஆக்‌ஷன் எடுக்கலையா?”

தாசில்தார் அதை ஏதோ விருது சம்பந்தப்பட்ட கேள்வி என்று எடுத்துக்கொண்டார். “எடுத்திருக்கணும் சார். இவ்வளவு நாள் விட்டுவச்சதே தப்பு. நம்ம கவர்ன்மெண்ட்ல இருந்து ஏதாவது செய்யணும்னு நானே நெனச்சுக்கிட்டிருந்தேன்.”

சப்-கலெக்டர் தலையை ஆட்டினார். சந்தனம் வேண்டாம் என்றார். சாப்பாடும் வேண்டாம் என்றார். சம்படத்தை மட்டும் இரண்டு விரலால் பிடித்து எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறிவிட்டார்.

“பெரிய மனுசன். சாப்பாட்டுக்குக்கூட ஆசைப்படலை பாத்தியா?” என்றார் அப்பா என்னிடம். “ஆனா வடக்கத்திக்காரங்களுக்கு இங்கிலீஷ் உச்சரிப்பு வரமாட்டேங்குது. இன்ஃபமஸாம்!”

எதிர்க்கடைப் பலகை

போன வாரம் வள்ளி அக்காவின் கல்யாணத்துக்குப் பட்டு எடுத்த கதையை எழுதும்போது, அந்தக் கல்யாணமே நின்றுபோகப் பார்த்தது என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விட்டேன். ‘ஏன், யாரால்?’ என்று எனக்குத் தெரிந்தவர்கள் எல்லாரும் கேட்டுவிட்டார்கள். இந்தச் சொல்லால்தான். சொல்லைக் கொண்டுவந்தவர் என் தாய்மாமா. கொண்டுவர வைத்தது எதிர்க்கடைப் பலகை.

எங்கள் கடைக்கு நேர் எதிரே தாவீது அண்ணாச்சி பாத்திரக் கடை வைத்திருந்தார். நல்ல மனிதர். வருடக்கணக்காக இரண்டு கடையும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு சும்மாதான் இருந்தன. எங்களிடம் இட்லிக் கொப்பரை தீர்ந்துவிட்டால் அவர் கடையில் வாங்கிக் கொடுப்போம். ஒரு கிறிஸ்துமஸுக்கு அவர் கடைக்கு வெள்ளையடித்து, புதுப் பலகை மாட்டினார். ‘ஃபேமஸ் பாத்திர மாளிகை’ என்று சிவப்பு எழுத்து. சுற்றிலும் விளக்கு.

அப்பாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அப்பாவுக்குப் பேர் மேல் எப்போதும் ஒரு கண். கோயில் திருவிழா நோட்டீஸில் தன் பெயர் எந்த வரியில், எவ்வளவு பெரிய எழுத்தில் வந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சாமி எப்போது புறப்படுகிறது என்று பார்ப்பார். கடைக் காலண்டரில் ஒரு வருடம் ‘நாணயமிக்க’, மறு வருடம் ‘பாரம்பரியமிக்க’, அதற்கு மறு வருடம் இரண்டையும் சேர்த்துப் போட்டார். அதன் பிறகு சாமி படத்துக்கு இடம் குறைந்து, முருகன் மயில் இல்லாமல் நின்றார். யாரையாவது யாருக்காவது அறிமுகப்படுத்த வேண்டும் என்றால் அப்பா மூச்சை இழுத்துக்கொள்வார். ‘பிரசித்தி பெற்ற’, ‘தலைசிறந்த’, ‘ஜில்லாவிலேயே முதல்’ எல்லாம் வரிசையாக வந்து, ஆளின் பெயர் கடைசியில்தான் வரும்.

எவர்சில்வர் பாத்திரத்தில் பேர் வெட்டுகிற மெஷினையும் அவரே இயக்குவார். டர்ர்ர் என்று அது ஓடும்போது கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கல்யாணப் பெண்ணின் பெயரை வளைத்து வளைத்து எழுதுவார். “தாள்ல எழுதினா கிழிஞ்சிரும். இது பேரன் காலத்துக்கும் நிக்கும்,” என்பார்.

தாவீது அண்ணாச்சி ஃபேமஸ் என்று போட்டுவிட்டார். அதையே நாமும் போட்டால் காப்பியடித்ததாகும். அதற்கு மேலே ஒரு சொல் வேண்டும். அப்பா கணபதி மாமாவைக் கடைக்கு வரச் சொன்னார்.

அது வேற இன்

கணபதி மாமா அம்மாவின் அண்ணன். ஒரு உயர்நிலைப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர். டவுனில் அவருக்கு ‘கிராமர் கணபதி’ என்று பேர். கல்யாணப் பத்திரிகை ஆங்கிலத்தில் அடித்தால் அவர் கைபடாமல் அச்சுக்குப் போகாது. எங்கள் சித்தப்பா ஒருவர் இறந்தபோது கொடுக்க வேண்டிய தந்தியை, ஒரு கமா சரியில்லை என்று திருத்தி, மறுபடி திருத்தி அனுப்பியதில், பம்பாயிலிருந்த சொந்தக்காரர்கள் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். வெளியூர் ஆட்களைக் கண்டால் அவருக்கு ஆங்கிலம் தானாக வரும். ரயிலில் எதிரே உட்கார்ந்தவர் பாபநாசத்துக்காரர் என்று தெரிந்த பிறகும் ஆங்கிலத்தை நிறுத்தமாட்டார்.

கடையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. வீட்டுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அப்பா மூடி வைத்திருந்தார். கடையில் வேலை பார்த்த இசக்கி அண்ணன் பிற்பாடு நடித்துக் காட்டியது இது.

“மாப்பிள, வேல்யுபிள்னா என்ன?” என்று கேட்டாராம் மாமா.

“விலை உள்ளது.”

“இன்வேல்யுபிள்னா?”

“விலை இல்லாதது.”

“தப்பு! விலை மதிக்க முடியாதது. ஒரு ‘இன்’ போட்டதும் எங்கன போயிட்டு பாத்தீரா? சரி, பெட்ரோல் லாரி பின்னாடி என்ன எழுதிருக்கான்? இன்ஃபிளேமபிள். ஃபிளேமபிள்னாலே தீப்பிடிக்கும். இன் போட்டா டபார்னு பிடிக்கும். அப்ப ஃபேமஸுக்கு மேல என்ன?”

அப்பா பைய எழுந்து நின்றாராம். “இன்ஃபேமஸ்.”

“அதாம்வே!”

அப்பாவுக்கும் ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. “அத்தான், இன்கரெக்ட்னா தப்புன்னுல்லா அர்த்தம்?”

“அது வேற இன்,” என்றாராம் மாமா.

அகராதியைப் பார்க்கலாமே என்று கேட்க அங்கே யாருக்கும் தோன்றவில்லை. மாமா இருக்கும்போது அகராதியைத் திறப்பது, பெரியவர் முன்னால் கால்மேல் கால் போடுகிற மாதிரி. அன்று சாயங்காலமே மெஷின் ஓட ஆரம்பித்தது. கோடவுன் நிறையச் சம்படம். ஒவ்வொரு மூடியிலும் அப்பா தன் கையாலேயே வளைத்து வளைத்து வெட்டினார்.

எழுதியே கொடுத்த புகார்

விழா முடிந்து வீட்டுக்கு வந்ததும் அம்மாவை அடுப்படிக்கு இழுத்துக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னேன். அம்மா அப்போதுதான் தலையிலிருந்த பூவை எடுத்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

“நெசமாவா சொல்லுத?”

“டிக்‌ஷனரில காட்டட்டுமா?”

“வேண்டாம். உங்க அப்பாட்டச் சொல்லாத. எங்கண்ணன் பேரு போயிரும்.”

“அப்பா பேரு ஏற்கெனவே போயாச்சும்மா.”

“அவுகளுக்கு அது தெரியாதுல்லா? ஊருக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாத அசிங்கத்துக்கு என்னத்துக்குட்டி வெளிச்சம் போடுத?” என்றாள். அப்புறம் தனக்குத்தானே பேசுகிற மாதிரி, “நாமளும் அப்படித்தானே சொல்லுதோம். பேர் போனவருன்னா பெருமை. பேரு போச்சுன்னா அசிங்கம். ரெண்டுலயும் பேருதான் போகுது. இதுல இங்கிலீஷ்காரனை மட்டும் சொல்லி என்ன செய்ய,” என்றாள்.

எங்கள் அம்மா எட்டாவது வரை படித்தவள். அதற்குப் பிறகு எத்தனையோ மொழியியல் புத்தகங்களைப் படித்துவிட்டேன். பேர் போவதைப் பற்றி அவ்வளவு சுருக்கமாக யாரும் எனக்குச் சொல்லவில்லை.

நாங்கள் வாயை மூடிக்கொண்டோம். சப்-கலெக்டர் மூடவில்லை. அடுத்த வாரமே கடை வாசலில் ஜீப் வந்து நின்றது. எடையளவு முத்திரை பார்க்கிற அதிகாரி ஒருவரும், விற்பனை வரி ஆள் ஒருவரும், அவர்களுக்கு உதவியாக இரண்டு பேரும் இறங்கினார்கள்.

தராசை எல்லாம் தூக்கிப் பார்த்தார்கள். எடைக்கல்லை இன்னொரு எடைக்கல்லோடு வைத்துப் பார்த்தார்கள். பழைய பித்தளைக்குப் புதுப் பாத்திரம் கொடுக்கிற இடத்தில் நின்று, வந்தவர்களை எல்லாம் விசாரித்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. சரியாக இருக்க இருக்க அந்த அதிகாரிக்குச் சந்தேகம் கூடியது.

“இவ்வளவு சுத்தமா வச்சிருக்கீங்கன்னா எப்படின்னு புரியலையே,” என்றாராம்.

அப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “எம்மேல புகார் குடுத்தது யாருன்னு சொல்லுங்க சார். எதிர்க்கடையா?”

அதிகாரி தன் பையிலிருந்து ஒரு சம்படத்தை எடுத்து மேஜை மேல் வைத்தார். “நீங்கதான். நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்க.”

“என்னன்னு?”

“திருநெல்வேலியிலேயே ரொம்பக் கெட்ட பேர் எடுத்த பாத்திரக் கடைன்னு.”

அப்பா அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு வரவில்லை. கடையிலேயே உட்கார்ந்திருந்தார். எதிரே சிவப்பு எழுத்தைச் சுற்றி விளக்கு எரியத் தொடங்கிய பிறகுதான் எழுந்து வீட்டுக்கு வந்தார்.

மாமா வழக்கம்போல ஆறு மணிக் காப்பிக்கு வந்திருந்தார்.

“இன்ஃபேமஸ்னா என்னவே அர்த்தம்?” என்றார் அப்பா. அதுவரை அவர் தன்னைவிட மூத்த மாமாவை ‘வே’ போட்டுப் பேசி நான் கேட்டதில்லை.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். “அதான் அன்னிக்கே சொன்னேனே மாப்பிள.”

“உமா, டிக்‌ஷனரியை எடுத்துட்டு வா.”

கொண்டுவந்தேன். அப்பாவே பக்கத்தைத் தேடி எடுத்து மாமாவின் முன்னால் விரித்துப் பிடித்தார். மாமா அதைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தார்.

“டிக்‌ஷனரியில அச்சுப்பிழையே இருக்காதா?” என்றார். “அதோட, இன்வேல்யுபிளுக்கு ஒரு சட்டம், இன்ஃபேமஸுக்கு ஒரு சட்டமா? தப்பு இங்கிலீஷ்காரன் மேல.”

“இங்கிலீஷ்காரன் வீட்டுக்கு நான் போக முடியாது. நீரு இனிமே இந்த வாசப்படி ஏறாதீரும்.”

மாமா எழுந்தார். செருப்பைப் போடும்போது இடது வலது மாறிப் போய், மறுபடி கழற்றி மாட்டினார். அம்மா வாசல்வரை போனாள். திரும்பி வந்து காப்பி டம்ளரை எடுத்துக் கழுவினாள். நெடுநேரம் கழுவினாள்.

சொல் உண்மையான கதை

இதோடு விட்டிருந்தால் சொல்லுக்கும் ஆளுக்கும் சம்பந்தமில்லாமல் போயிருக்கும். ஆனால் விநியோகித்த சம்படங்களை எல்லாம் திரும்ப வாங்கிவிட வேண்டும் என்று அப்பா முடிவெடுத்தார்.

இசக்கி அண்ணனை மொபெட்டில் அனுப்பினார். சம்படம் எங்கெங்கே போயிருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது. மேலப்பாளையத்தில் ஒரு வீட்டில், “அதுல நார்த்தங்கா ஊறுகா போட்டு மவன் ஷார்ஜாவுக்குக் கொண்டு போயிட்டானே,” என்றார்கள். உடன்குடியில் எங்கள் பழைய வாடிக்கையாளர் ஒருவர் கருப்பட்டித் துண்டு போட்டு வைத்திருந்தார். “கருப்பட்டியை வேணும்னா எடுத்துக்கோ. சம்படத்தைத் தரமாட்டேன். மூடி அவ்வளவு இறுக்கம்,” என்றாராம். ஒரு வீட்டில் பாதிக் கோலப்பொடியோடு கொடுத்தார்கள், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்டால் ஊர் சும்மா இருக்குமா?

“விழா வச்சுக் குடுத்துட்டு, ஆளு விட்டுப் பிடுங்குதாரே. என்ன கேடு வந்துச்சாம்?” என்று பஸ்ஸில் எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த இரண்டு பெண்கள் பேசிக்கொண்டார்கள். சம்படத்தின் தகட்டில் ஏதோ கோளாறு, சோறு வைத்தால் விஷமாகிறது என்று ஒரு பேச்சு. தகடு தங்கம் கலந்தது, தெரியாமல் மாறி வந்துவிட்டது என்று இன்னொரு பேச்சு. அதைக் கேட்டவர்கள் சம்படத்தைத் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்துவிட்டார்கள். கடை முங்கப் போகிறது, கடனில் மூழ்கப் போகிறது என்பது மூன்றாவது பேச்சு. அதுதான் வேகமாகப் போனது.

அதுவரை அந்த ஆங்கிலச் சொல்லை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. இப்போது எல்லாரும் சம்படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். காலேஜ் பையன்கள் கடைக்கு வந்து ஒரு கரண்டியை எடுத்துக்கொண்டு, “இன்ஃபேமஸ் கரண்டி என்ன விலை?” என்று கேட்டார்கள். டவுன் பஸ் கண்டக்டர் ஒருவர் எங்கள் கடை வந்ததும் “இன்ஃபேமஸ் எல்லாம் இறங்கு!” என்று விசிலடித்தார். இறங்கியவர்களில் பாதிப் பேர் அதை ஃபேமஸைவிடப் பெரிய பட்டம் என்றுதான் நினைத்தார்கள். மீதிப் பேருக்கு அர்த்தம் தெரியும். இரண்டு கட்சியும் கடையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போயின. அப்பா ஆசைப்பட்ட புகழ் ஒரே மாதத்தில் ஜில்லா முழுக்கப் பரவிவிட்டது. அவர்தான் கல்லாவில் உட்காராமல் உள்ளே அண்டா அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

தாவீது அண்ணாச்சி ஒருநாள் தெருவைத் தாண்டி வந்தார். “சிதம்பரம், எனக்குக் குடுத்த சம்படத்தை நான் திருப்பித் தரணுமாவே?” என்றார். அப்பா ஒரு அண்டாவின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார். “இருக்கட்டும். எங்க வீட்டுல உளுந்து போட்டு வச்சிருக்கா. நீரு முதல்ல வெளிய வந்து உக்காரும். எதிர்ல ஆளில்லாம எனக்கு யாவாரமே ஓடமாட்டேங்குது.”

அதன் பிறகும் அப்பா வெளியே வரவில்லை.

அம்பாசமுத்திரத்துச் சம்பந்தி

வள்ளி அக்காவைத் தை மாதத்துக்கு நிச்சயம் செய்திருந்தது. மாப்பிள்ளை வீடு அம்பாசமுத்திரம். கடை முங்கப் போகிற சேதி ஆற்றின் போக்குக்கு எதிர்த்திசையில் ஏறி அங்கேயும் போய்விட்டது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு காலையில் தனியாக வந்து இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டாமல், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அக்கா கதவுக்குப் பின்னால் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“தப்பா நெனைக்காதிய. ஊருக்குள்ள ஒரு மாதிரியா பேசுதாவ. கேட்டுட்டுப் போவோம்னு வந்தேன்,” என்றார்.

அப்பா வாயைத் திறந்தார். எங்கிருந்து ஆரம்பிப்பது? பெட்ரோல் லாரியிலிருந்தா?

அம்மாதான் முன்னால் வந்தாள். தண்ணீர்ச் செம்பை வைத்துவிட்டு நின்றபடியே சொன்னாள். “எங்கண்ணன் இங்கிலீஷ்ல ஒரு சொல்லுத் தப்பாச் சொல்லிட்டாவ. இவுக அதை எவர்சில்வர்ல வெட்டிட்டாவ. அதைத் திருப்பி வாங்கப் போயி ஊரு சிரிச்சுப் போச்சு. கடைக்கு ஒரு குறையும் இல்ல. நீங்க போயிப் பாக்கலாம்.” முதலிலிருந்து கடைசிவரை ஒன்று விடாமல் சொன்னாள். தாசில்தார் சொன்னதையும், நான் அவளிடம் சொல்லியிருந்தபடியே, சேர்த்துச் சொன்னாள்.

“குடும்பமே இன்ஃபேமஸ்” என்கிற இடத்தில் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்துப் புரையேறி, நாற்காலியில் பின்னால் சாய்ந்து உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அந்த வாத்தியாரை நான் பாக்கணுமே. கல்யாணத்துக்கு வருவாவல்லா?”

“தாய்மாமா வராமக் கல்யாணம் உண்டா?” என்றாள் அம்மா. அப்பாவைப் பார்க்காமல் சொன்னாள்.

சம்பந்தி போன பிறகு அப்பா பத்திரிகையை எடுத்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். “நான் கூப்பிடமாட்டேன். அவரு தப்புன்னு சொல்லட்டும், பாப்போம்.”

“அண்ணன் சொல்லமாட்டாவ. நீங்க கூப்பிடமாட்டிய. பிள்ளைக்கு மாமன் மாலையை எதிர்க்கடைக்காரரையா போடச் சொல்ல?” என்றாள் அம்மா. அன்றிலிருந்து சமையல் நடந்தது, பேச்சு நின்றது.

அரையாண்டுத் தேர்வு

மாமா தானாக வந்தார். மார்கழி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்றார். அப்பா சொன்ன வாசப்படிக்கு வெளியே, சரியாக ஒரு சாண் தள்ளி.

அப்பாவின் முகத்தை மறைத்துப் பத்திரிகை இருந்தது. மாமா பத்திரிகையோடு பேசினார்.

“மாப்பிள. பத்தாங் கிளாஸுக்கு அரையாண்டுப் பரீட்சை. ‘எங்கள் ஊர்’னு கட்டுரை. கிளாஸு முச்சூடும் இன்ஃபேமஸ்னு எழுதி வச்சிருக்கு.”

பத்திரிகை அசையவில்லை.

“நம்ம கோயிலு இன்ஃபேமஸு. ஆத்துத்தண்ணி இன்ஃபேமஸு. எங்க பள்ளிக்கூடம் இன்ஃபேமஸு. எங்க ஹெட்மாஸ்டர் ரொம்ப ரொம்ப இன்ஃபேமஸு.”

பத்திரிகை லேசாக நடுங்கியது. நான் அடுப்படி நிலையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஹெட்மாஸ்டர் கையில பேப்பரு போயிட்டு. கிளாஸே கூடிப் பேசிக்கிட்டு அவரை வையுதுன்னு நெனச்சுட்டாரு. எல்லாரையும் முட்டிபோட வச்சு, யாருலே சொல்லிக்குடுத்ததுன்னு கேக்காரு. ஒருத்தன் வாயத் தொறக்கல. எம்பேரச் சொல்லல மாப்பிள. முட்டி தேயத் தேய நிக்கானுவ, எம்பேர ஒருத்தனும் சொல்லல.”

மாமா குனிந்து, கழற்றாத செருப்பைப் பார்த்துக்கொண்டார்.

“நீரு என்ன செஞ்சீரு?” பத்திரிகைக்குப் பின்னாலிருந்து வந்தது.

“நான்தான் சார் சொல்லிக்குடுத்தேன்னேன். பிள்ளைக மேல தப்பில்ல, எனக்கு அர்த்தம் தெரியலன்னேன்.”

“டிக்‌ஷனரியில அச்சுப்பிழைன்னு சொல்லலியா?”

“இல்ல. ஹெட்மாஸ்டர் டிக்‌ஷனரியைக் கொண்டாரச் சொன்னாரு. நானே எடுத்து, பிள்ளைக முன்னால சத்தமா வாசிச்சேன்.” மாமா மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார். “வாசிச்சு முடிச்சதும் ஒரு பய எந்திரிச்சு, ‘அப்ப இன்ஃபிளேமபிளுக்கு என்ன சார் அர்த்தம்’னு கேக்கான். நாளைக்குப் பாத்துச் சொல்லுதேம்லேன்னு வந்துட்டேன்.”

பத்திரிகைக்குப் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். அப்பா சிரித்துக்கொண்டிருந்தார். பல வாரங்களுக்குப் பிறகு. பத்திரிகையை மடித்து வைத்தபோது கண்ணில் தண்ணீர்.

“வெயில்ல என்னத்துக்கு நிக்கிய அத்தான்? உள்ள வாங்க,” என்றார்.

மாமா செருப்பைக் கழற்றினார். உள்ளே வந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்தார். “உனக்கு அன்னிக்கே தெரியும்லா? ஏன்ட்டி சொல்லல?”

“அம்மாதான் வேண்டாம்னா.”

மாமா அடுப்படிப் பக்கம் பார்த்தார். அம்மா காப்பியோடு வந்துகொண்டிருந்தாள். கேட்டும் கேட்காத மாதிரி டம்ளரை அவர் கையில் கொடுத்தாள். மாமா அதை வாங்கி, குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

“ஆறிப் போவுதுண்ணே,” என்றாள்.

பந்திக்குப் போகும் வழியில்

தையில் கல்யாணம் நடந்தது. மாமன் மாலையை மாமாவே போட்டார். தாவீது அண்ணாச்சி குடும்பத்தோடு வந்து முன் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மாமா வந்துபோன மறுநாளிலிருந்தே அப்பா கல்லாவுக்குத் திரும்பிவிட்டார் என்பதால் அவருக்கு வியாபாரமும் ஓட ஆரம்பித்திருந்தது.

முகூர்த்தம் முடிந்து பந்திக்குக் கூட்டம் நகர்ந்தபோது, சம்பந்தி அப்பாவின் தோளைத் தட்டினார். “எங்கவே அந்த இங்கிலீஷ் வாத்தியாரு?”

அப்பா தூணோரம் நின்றுகொண்டிருந்த மாமாவைக் கையைப் பிடித்து இழுத்து வந்தார். வழக்கம்போல மூச்சை இழுத்துக்கொண்டார். என்ன சொல்லப் போகிறாரோ?

“இது எங்க அத்தான்,” என்றார்.

மாமா தலையைக் கொஞ்சம் சாய்த்து மீதிக்காகக் காத்திருந்தார். சம்பந்தியும் காத்திருந்தார்.

“அவ்வளவுதான்,” என்றார் அப்பா. “எங்க அத்தான்.”

மாமா கண்ணாடியைக் கழற்றி, பட்டுக்கரை வேட்டியின் நுனியில் துடைத்து மறுபடி மாட்டினார். வெளியூர் ஆளைப் பார்த்ததும் அவர் வாயில் வழக்கமாக என்ன வரும் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். அவர் சம்பந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க, பந்தியில உக்காருவோம்,” என்றார். “தேங்காப்பால் சொதி இன்னிக்கு நல்லா அமைஞ்சிருக்காம்.”